பலம் திருட்டுப் போன மோட்டார்

"எம் மோட்டாரோட பலத்தை எவனோ திருடிட்டான்!"

தன் வீட்டு வாசலில் நின்று, மரம் கடையும் கடைசல்காரி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. மதில்மேல் இருந்த பூனை எந்தப் பக்கம் குதிப்பது என்று யோசிக்காமல் நேராகக் கீழே விழுந்தது. நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நின்றுகொண்டு போகும் நூறு பேரின் சண்டையைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அந்தக் காதே அன்றைக்கு, "அடுத்த ஸ்டாப்பில் என்னை இறக்கிவிடு" என்று கெஞ்சியது.

"மோட்டார் இருக்கா?" என்று கேட்டார் துருவி மேடம்.

"இருக்கு."

"வயர்?"

"இருக்கு. எல்லாம் வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. பலம் மட்டும் இல்ல!"

துருவி மேடம் என்பது ஊர் வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது, கடை எரிந்துபோச்சு, நகை காணாமல் போச்சு என்று வந்தவர்களின் கதைகளைத் தேங்காய் மாதிரி துருவித் துருவி, கடைசியில் வெறும் சிரட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியவர். இப்போது அதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறார். நான் கூடப் போகிறேன். அவர் மூளை, நான் விசில்.

கடைசல்காரி எங்களைக் கார் ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கார் இல்லை. மரம் கடையும் லேத் ஒன்று ஷெட்டை அடைத்து நின்றது. அதன் அடியில் பெல்ட்டோடு ஒரு மோட்டார். சுவரில், டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி.

"இது மில்லுல ஓடின மூணு ஃபேஸ் மோட்டார் அக்கா. நம்ம வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான். நடுவுல இந்த டிரைவ் உக்காந்து, வீட்டு கரண்டை வாங்கி மூணு ஃபேஸா மாத்திக் குடுக்கும். வேகத்தையும் கூட்டிக்கலாம், குறைச்சுக்கலாம். வந்த புதுசுல வெண்ணெய் வெட்டற மாதிரி வெட்டிச்சு. இப்பப் பாருங்க."

சுவிட்சைப் போட்டாள். மரத்துண்டு விர்ரென்று சுற்றியது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவள் உளியை எடுத்து மரத்தின்மேல் வைத்தாள்.

உர்ர்ர் என்று ஒரு முனகல். மரம் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? சும்மா சுத்தச் சொன்னா சுத்தும். வேலைன்னு வந்தா நின்னுடும்."

"எங்க டிப்போல பாதி பேர் இந்த ரகம்தாம்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் சட்டைப் பித்தான் இரண்டு உருகின.

மூலையில் கடைந்து முடித்த தூண்கள் அடுக்கியிருந்தன. ஒரு பெரிய வீட்டுப் படிக்கட்டுக் கைப்பிடிக்கான தூண்கள். இடுப்பு, கழுத்து, குமிழ் எல்லாம் எண்ணெய் போட்டது போல மின்னின. பக்கத்திலேயே கடையாத கட்டைகள் அதைவிட உயரமாகக் குவிந்து கிடந்தன. அவள் பெயரில் வந்த முதல் பெரிய வேலை அது. அது முடிந்தால், அதைக் கொடுத்த கட்டட மேஸ்திரி அடுத்த வீட்டையும் தருவார். முடியாவிட்டால் அவள் மறுபடி வேறொருவன் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கப் போகவேண்டும்.

"ஆனா இவர் லேத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்னு மெஷின் கடைக்காரன்கிட்ட போன் பண்ணிட்டார். இன்னைக்கு சாயங்காலம் அவன் லாரி வருது. நான் குளிக்கப் போன நேரத்துல பண்ணின போன்!"

இவர் என்பது கதவருகே நின்ற கணவர். ஒல்லியான மனிதர், கையில் காப்பித் தட்டு. "ஓடாத மெஷினை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குப் பின்னால், ஹாலில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் மாமனார். மில்லில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அவர். "மில் மோட்டாரை வீட்டு கரண்டுல ஓட்டறதும், சிங்கத்துக்கு ஃபீடிங் பாட்டில்ல பால் குடுக்கறதும் ஒண்ணு. எவன் கேட்டான்?"

"இதோ! தினமும் இதேதான்!" என்றாள் கடைசல்காரி. "சோத்துல கை வெச்சா 'நான் அப்பவே சொன்னேன்'. கையைக் கழுவினா 'நான் அப்பவே சொன்னேன்'."

துருவி மேடம் எதையும் காதில் வாங்கவில்லை. மோட்டாரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன இரும்புப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். வயர்கள் உள்ளே போகும் பெட்டி. மூடியில் நான்கு ஸ்க்ரூ. அந்த நான்கையும் அவர் பார்த்த நேரத்தில் நான் ஒரு பஸ்ஸுக்கே டிக்கெட் போட்டிருப்பேன்.

"இதைத் திறந்தீங்களா?"

"நான் தொட்டதே இல்ல அக்கா. தொட்டா நான் பொறுப்பில்லைன்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்."

"மெயினை அணைங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. அணைச்சாலும் டிரைவுக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும். அது முகப்புல எரியற எண் அணையட்டும், அதுக்கப்புறமும் காத்திருக்கணும்."

மெயினை அணைத்தார்கள். மேடம் எழுந்து ஹாலுக்குள் நடந்தார். சுவரில் இருந்த சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்று, அதையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"மேடம், அதுக்குப் பேரு சுவிட்ச்," என்றேன். "அழுத்தினா லைட் எரியும்."

"அடுத்த ரூம்லயும் இருக்கா?"

"இருக்கும் மேடம். வீடுன்னா நாலு ரூம்ல நாலு சுவிட்ச் இருக்கத்தான் செய்யும்."

அடுத்த அறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை என்றால் கையில் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு போல்ட், இரண்டு வரிசையாக. கீழ் வரிசையின் குறுக்கே செம்புத் தகடுகள் படுத்துக் கிடந்தன.

"தகடெல்லாம் தூங்குது," என்றார் மேடம்.

"மத்தியானம் ஆச்சே மேடம். தூங்கட்டும்."

நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியின் அடியில் சிவப்பாகச் சில துணுக்குகள். உடம்பு சிலிர்த்தது.

"ரத்தம்!" என்றேன், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.

மேடம் ஒரு துணுக்கை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, முகர்ந்து பார்த்தார். "உங்களுக்கு நெய்ல் பாலிஷ் போடற பழக்கம் உண்டா?" என்று கடைசல்காரியைக் கேட்டார்.

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நகம் இருந்தால்தானே பாலிஷ்? உளியும் மரமும் தின்றது போக மிச்சம் இருந்தது வெறும் விரல்.

"சரி. அந்தக் கடைக்காரரைப் பார்க்கணும்," என்றார் மேடம்.

"பார்க்கறதா? நான் அவனைக் கிழிக்கணும்!" என்றாள் கடைசல்காரி.

பழைய மெஷின் கடை என்பது செத்துப்போன தொழிற்சாலைகளின் ஆஸ்பத்திரி. கூரைவரை மோட்டார்கள். நடுவில் நின்றிருந்த கடைக்காரர் மலை மாதிரி ஆள். அவர் தும்மினால் கூரைத்தகரத்தை அடுத்த தெருவில் போய்த் தேடவேண்டும்.

கடைசல்காரி ஆட்டோ நிற்குமுன் குதித்தாள். "யோவ்! நல்ல மோட்டாரைக் காட்டி வித்துட்டு, பலத்தைப் பிடுங்கிட்டு, பாதி விலைக்குத் திருப்பி வாங்கலாம்னு லாரி அனுப்பறியா?"

கடைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். அது என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. என் கால் அதற்கு முன்பே மேஜைமேல் ஏறியிருந்தது.

"இந்தா தங்கச்சி, வார்த்தையை அளந்து பேசு! நீ வந்து என்ன கேட்ட? அஞ்சு குதிரைசக்தி மோட்டார் வேணும்னு கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்."

"குடுத்தேனா? வீட்டு லைன் தாங்காது, ரெண்டு குதிரைக்கு மேல தரமாட்டேன்னு வாசல்ல நின்னு கத்தினேனா இல்லியா? டிரைவ் ஒரு ஜோடி கம்பியில வாங்கி மூணு கம்பியில குடுக்குது, வாங்கற கம்பி தடியா இருக்கணும்னு மெயின்ல இருந்து தனி லைன் இழுத்துக் குடுத்தது யாரு? உன் மாமனாரா? ஏமாத்தறவனா இருந்தா அந்த அஞ்சு குதிரையையும் உன் தலையில கட்டி, மேல நானும் ஏறி உக்காந்திருப்பேன்ல?"

நியாயம் இருந்தது. நியாயத்தை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

"மோட்டார் பெட்டியைத் திறந்தோம்," என்றார் மேடம். "தகடெல்லாம் படுத்திருக்கு."

கடைக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. "படுத்திருக்கா? நான் நிக்க வெச்சேனே!"

"அதுல என்ன வித்தியாசம்?" என்றாள் கடைசல்காரி.

அவர் பக்கத்திலிருந்த ஒரு மோட்டாரின் பெட்டியைத் திறந்து காட்டினார். மூன்று தகடுகளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர்கள் மாதிரி நின்றன.

"பாரு. மோட்டாருக்குள்ள மூணு சுருள். தகடு நின்னா, இருநூத்து முப்பது வோல்ட்டும் ஒவ்வொரு சுருளுக்கும் முழுசாப் போகும். படுத்தா, அது மில்லுல வர நானூறு வோல்ட்டுக்கு. டிரைவ் ஃபேஸைத்தான் மூணாக்கும், வோல்டேஜைக் கூட்டாது. வீட்டு கரண்டைக் குடுத்துட்டுத் தகட்டைப் படுக்க வெச்சா, பலம் மூணுல ஒரு பங்குதான். சும்மா சுத்தும். உளி வெச்சா நின்னுடும்."

"அதேதான்!" என்றாள் அவள். அவள் கோபம் ஒரு நொடி எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"நீங்க நிக்க வெச்சதுக்கு என்ன சாட்சி?" என்றார் மேடம்.

கடைக்காரர் நட்டுகளின்மேல் விரலை வைத்தார். ஒவ்வொரு நட்டின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு. "எம் பொண்டாட்டியோட நெய்ல் பாலிஷ். நான் விக்கற ஒவ்வொரு மோட்டார்லயும் வெப்பேன். எவனாவது நோண்டிட்டு வந்து 'நீதான் இப்படிக் குடுத்த'ன்னு சொன்னா காட்டிக் குடுத்துடும். திருப்பினா உடைஞ்சு உதிரும். அவ இதுக்காக என்னை டைவர்ஸ் பண்ணப்போறா."

"உதிர்ந்து கிடக்கு," என்றார் மேடம். "இன்னொண்ணு. ஸ்க்ரூ முடுக்கும்போது தலைக்கோடு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்ப்பீங்களா?"

"கோடா? அது எந்தப் பக்கம் பார்த்தா எனக்கென்ன? இறுக்கமா இருக்கா, அவ்வளவுதான்."

மேடம் அங்கிருந்த எல்லா மூடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்க்ரூத் தலைகள் கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி ஆளுக்கொரு திசையில் கிடந்தன.

"லாரி கிளம்பட்டும். நாங்களும் வரோம்," என்றார்.

லாரியில் நெருக்கியடித்து உட்கார்ந்தபோது நான் கேஸை முடித்துவிட்டேன். "புருஷன்தான் மேடம். போன் பண்ணினது யாரு? லேத்தை விக்கத் துடிக்கிறது யாரு? அந்த ஆள் தட்டைப் பிடிச்சிருந்த பிடியே சரியில்ல."

"அப்படியா?"

"ரைட் குடுங்க மேடம், வண்டியை நேரா ஸ்டேஷனுக்கு விடலாம்."

"உங்ககிட்ட ஒரு காசு இருக்கா?"

ஓய்வு பெற்றாலும் கண்டக்டர் சட்டையில் சில்லறை இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன்.

ஹாலில் நுழைந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் நின்றேன். "குற்றவாளி இந்த அறையில்தான் இருக்கிறார்!" கணவரை நோக்கி விரலை நீட்டினேன். "தகட்டைப் படுக்கப் போட்டது நீங்க!"

"எந்தத் தகடு?" என்றார் அவர். பிறகு அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கிருந்தோ ஒரு கர்ஜனை வந்தது. "என்னய்யா நினைச்சுட்டிருக்கீங்க? அவ அழுதுகிட்டே தூங்கறதைப் பாக்கப் பொறுக்காமத்தான் போன் பண்ணினேன்! நானா போய் மோட்டாரை நோண்டுவேன்?"

"அவர் இல்ல சார்," என்றாள் கடைசல்காரி வெறுப்பாக. "அவருக்கு ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பறதுக்கே கை நடுங்கும். ஃப்யூஸ் போனா மொதல்ல தெருவுக்கு ஓடறது அவர்தான்."

"அது முன்னெச்சரிக்கை!" என்றார் கணவர்.

என் விரல் அந்தரத்தில் வேலையில்லாமல் நின்றது. அதை மெதுவாக மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

துருவி மேடம் அப்போது சுவிட்ச் போர்டின் மேல் சாய்ந்து நின்று, என் காசை வைத்து எதையோ செய்துகொண்டிருந்தார். பிறகு நகர்ந்து கணவரிடம் போனார். எப்போது போன் செய்தீர்கள், வீட்டில் யார் இருந்தார்கள், காப்பிக்குச் சர்க்கரை யார் போட்டது என்று சம்பந்தமில்லாத கேள்விகளாகக் கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி. கடைசல்காரி நடுவில் கத்தினாள், கடைக்காரர் வாசலில் இருந்து கத்தினார், கணவர் மறுபடி கர்ஜித்தார். வீடு சந்தைக்கடை ஆனது.

மாமனார் மட்டும் பேசவில்லை. அவர் கண் சுவிட்ச் போர்டில் இருந்தது. திரும்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார். பல்லில் நார் சிக்கியவர் மாதிரி நெளிந்தார். கடைசியில் எழுந்தார். பையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தானாகக் கைக்கு வந்தது. போர்டின் மேல்மூலை ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார். முகத்தில் நிம்மதி பரவியது.

மேடம் பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

"தேங்க்ஸ் சார்," என்றார். "நான்தான் அதைச் சாய்ச்சு வெச்சேன்."

மாமனாரின் கை போர்டிலேயே நின்றுவிட்டது.

"இந்த வீட்டுல இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவும் நேரா நிக்குது. எல்லாம் உங்க கை. கடைக்காரர் கையில எதுவும் நேரா நிக்காது. சுவத்துல அவர் மாட்டின டிரைவைப் பாருங்க, மூலைக்கு ஒரு திசை. ஆனா மோட்டார் பெட்டி மூடியில மட்டும் நாலும் நட்டக்குத்தலா நிக்குது. இவங்க தொடல. இவங்க புருஷன் தொடமாட்டார். வேற யார் தொட்டது?"

"மாமா?" என்றாள் கடைசல்காரி.

"அது... இவ சாமான் குடுக்க வெளிய போயிருந்தா," என்றார் அவர். குரல் முதலில் மெலிந்து, பிறகு மிடுக்கானது. "சும்மா ஒரு பார்வை பார்க்கலாம்னு திறந்தேன். தகடு நிக்குது! மில்லுல நான் மாட்டாத மோட்டாரா? இந்த சைஸ் மோட்டாரைத் தகடு நிக்க வெச்சு ஓட்டினா அரை நாள்ல கரியாயிடும். எத்தனை பசங்களை இதுக்காகத் திட்டியிருக்கேன்! எவனோ மடையன் தப்பா மாட்டிட்டான்னு மாத்தி வெச்சேன். மோட்டாரைக் காப்பாத்தினேன்!"

வாசலில் இருந்த மடையன் ஒரு அடி முன்னால் வந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மில்லுல வர கரண்டுக்கு நீங்க சொல்றது சரி. கைப்பழக்கம். அதுக்கு யாரையும் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா மறுநாள் லேத் நின்னு போச்சே, அப்ப எத்தனை வோல்ட்டுக்குத் தகடு எப்படி நிக்கணும்னு மோட்டார் மேல பொறிச்சிருக்கற பிளேட்டைப் படிச்சீங்களா?"

மாமனார் ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சட்டையில் துடைத்தார்.

"நீங்க ஃபோர்மேன். படிக்காம இருந்திருக்க மாட்டீங்க."

"...படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

மாமனார் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அது பைக்கு வெளியே இரண்டு தடவை வழுக்கியது. "அன்னைக்கே புரிஞ்சுது," என்றார்.

கடைசல்காரி கத்துவாள் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவள் கத்தவில்லை. காலையிலிருந்து கேட்ட சத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அந்த மெல்லிய குரலுக்கு ஈடாகாது.

"அதுக்கப்புறமும் தினம் சாப்பிட உக்காந்து 'நான் அப்பவே சொன்னேன்'னு சொன்னீங்களே மாமா. என் கையால சோறு வாங்கிக்கிட்டே சொன்னீங்களே."

"அது வந்தும்மா... இத்தனை வருஷ சர்வீஸ். எனக்குத் தெரியலன்னு நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"என்னை முட்டாள்னு நாலு பேர் முன்னாடி சொல்ல முடிஞ்சுதுல்ல?"

கணவர் தட்டைக் கீழே வைத்தார். "அப்பா, இதுக்குத்தானா நான் போன் பண்ணினேன்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"நகரு, நானே சரியா மாட்டித் தரேன்," என்று மாமனார் ஷெட் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க," என்றாள் அவள்.

உட்கார்ந்தார்.

மெயினை அணைத்து, டிரைவின் எண் போகும்வரை நின்று, அதற்குமேலும் கொஞ்சம் நின்று, அவளே பெட்டியைத் திறந்தாள். கடைக்காரர் பக்கத்தில் குந்தி விரலால் மட்டும் காட்டினார். படுத்துக் கிடந்த தகடுகளை எழுப்பி நிறுத்தி நட்டுகளை முடுக்கினாள். மெயினைப் போட்டாள். மரம் சுற்றியது. உளியை வைத்தாள்.

நிற்கவில்லை. கரகரவென்று சீவல் கிளம்பி ஷெட்டுக்குள் மழையாகப் பெய்தது. ஒரு சீவல் என் மூக்கில் உட்கார்ந்து மீசையாகவே மாறிவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அந்தக் கட்டைக்கு இடுப்பும் கழுத்தும் வரும்வரை உளியை எடுக்கவே இல்லை. அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"லாரி வெறுமனே போறதுக்கு டீசல் யார் போடறது?" என்று முனகிய கடைக்காரர், பையிலிருந்து நெய்ல் பாலிஷ் குப்பியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தா தங்கச்சி. எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத."

மெயினை அணைத்து, மறுபடி காத்திருந்து, அவள் நட்டுகளுக்குச் சிவப்பு வைத்தாள். மூடியைப் பொருத்தினாள். நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கினாள். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாகக் கோட்டைப் பார்த்து, ஒன்றைக்கூட நேராக விடாமல் மயிரிழை கூட்டிக் கூட்டி இறுக்கினாள். நான்கும் நான்கு கோணலாக நின்றன. அவற்றின் தலையிலும் ஆளுக்கொரு சொட்டு சிவப்பு.

ஷெட் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஹாலில் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிவது அந்த மூடிதான்.

மாமனார் பார்த்தார். அவருடைய வலதுகை சட்டைப் பைவரை போய், அங்கேயே நின்றது.

"திருப்பினா உதிரும் மாமா," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கட்டையை எடுத்தாள்.